குளுந்து போச்சு

அம்மை வார்டுக்கு ஆள் எடுத்தபோது முகத்தைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். தழும்பு இருந்தால் போதும். ஒரு தடவை கண்டவனுக்கு மறு தடவை காணாது என்பதால் அப்படி. எனக்கு ஏழு வயதில் கண்டது. மூக்கு நுனியில்கூட மூன்று குழி உண்டு. பெரிய டாக்டர் என்னை வெயிலுக்குத் திருப்பி நிறுத்தி, தாடையைப் பிடித்து அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு, "யாகப்பன்தானே உன் பேரு? நாளைக்கே வந்துடு" என்றார். இந்த முகத்தால் எனக்குக் கிடைத்த ஒரே நல்லது அதுதான்.

அதற்கு முன்னால் பதினெட்டு வருசம் கரட்டில் வெள்ளைக்கல் உடைத்தேன். தூசி நெஞ்சில் இறங்கி இருமல் கண்டுவிட்டது. இனிமேல் சம்மட்டி தூக்கினால் ரத்தம்தான் வரும் என்று ஆனபோது, பங்குச் சாமியார் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து இங்கே அனுப்பினார். சேலத்துக்கு வெளியே பொட்டல் மேட்டில், கம்பி வேலிக்குள் மூன்று ஓட்டுக் கட்டடம். ஒன்று காலராவுக்கு. ஒன்று தொண்டை அடைப்பான் கண்ட பிள்ளைகளுக்கு. காற்று கடைசியாகப் போகிற மூலையில் இருப்பது அம்மைக்கு. ஜட்கா வண்டிக்காரர்கள் இரண்டு பர்லாங்குக்கு முன்னாலேயே ஆளை இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொள்வார்கள்.

விடிந்ததும் என் வேலை கொப்பரைக்குத் தீ மூட்டுவது. நோயாளிகளின் துணிகளைச் சோடா உப்புப் போட்டு அதில் கொதிக்க வைக்க வேண்டும். பிறகு தரையில் உதிர்ந்து கிடக்கிற பொருக்குகளை ஈர மரத்தூள் தூவிக் கூட்டி, ஒன்று விடாமல் குழியில் போட்டு எரிக்க வேண்டும். அந்தப் பொருக்கில்தான் நோய் இருக்கிறது, காற்றில் பறந்தால் ஊர் போய்விடும் என்று நர்சு ஏலியாம்மா சொல்லியிருந்தாள். அவள் மலையாளத்துக்காரி. எல்லாரையும் அதட்டுவாள். நோயாளிகளை மட்டும் அதட்ட மாட்டாள். புண் ஒட்டாமலிருக்க வாழையிலை விரிப்பது, ஊதா மருந்து கலந்த தண்ணீரில் துணியை நனைத்துக் கொடுப்பது, வேப்பங்குழை ஒடித்து வருவது, கஞ்சி ஊட்டுவது, எல்லாம் நான்தான். செத்தவர்களை ஓலைப்பாயில் சுற்றிப் பின்வாசல் வழியாக வண்டியில் ஏற்றுவதும் நான்தான். அம்மைப் பிணத்தை ஊருக்குக் கொடுக்க மாட்டார்கள். முனிசிபாலிடியே புதைத்துவிடும்.

நான் சேர்ந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. ஐம்பத்தெட்டாம் வருசம், மாசிக் கடைசி. சுகாதார வண்டியில் ஒருத்தனைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இருபத்தெட்டு வயசு இருக்கும். நெற்றியிலிருந்து உள்ளங்கால் வரை இடைவெளி இல்லாமல் போட்டிருந்தது. பெயர் செங்கோட்டையன். பரமத்தி வேலூர்ப் பக்கம் ஓடைவலசு என்கிற குக்கிராமத்தில் சொந்தமாக அரை ஏக்கர் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற கவுண்டர். கூட அவன் மனைவி சௌந்திரம் வந்திருந்தாள். வேலிக்கு உள்ளே விடமாட்டோம் என்றதும் அவள் மறு பேச்சுப் பேசவில்லை. வெளியே புளியமரத்தடியில் ஈயத் தூக்குப் போசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மறுநாள் நான் தண்ணீர்க் குடத்தோடு போகும்போது வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"ஏனுங்க, அவிய எந்தக் கட்டலுங்க?"

"தெக்கேயிருந்து நாலாவது."

"முழிச்சிருக்கறாங்களா?"

"எப்படிம்மா முழிப்பான்? ரெண்டு இமையும் ஊதி ஒட்டிக் கெடக்குது. காது கேக்குது."

"அப்படின்னா ஒண்ணு சொல்லிப் போடுங்க. வடக்குப் பாத்திக்குத் தண்ணி கட்டியாச்சாமான்னு சொல்லுங்க."

"நீ இங்க நிக்கறே. அங்க யாரு கட்டினாங்க?"

"ஆரும் கட்டுலீங்க. பொய்தான். அந்த நெனப்புலயேதான் கெடப்பாங்க. சொல்லுங்க சாமி, புண்ணியமாப் போகும்."

சொன்னேன். வீங்கின உதட்டுக்குள்ளிருந்து, "மடையைத் திருப்பி அடைச்சாளான்னு கேளுங்க" என்றான். திரும்பி வந்து அவளிடம் சொன்னேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்று நாள் அந்த மரத்தடியிலேயே இருந்தாள். வீட்டுக் கதையெல்லாம் வேலி வழியாகவே சொன்னாள். மாமியார் ராமாயிக்கு ஒரே மகன். அம்மை கண்டதும் வாசலில் வேப்பங்குழை செருகி, தாளிக்கிறதை நிறுத்தி, ஆளை இருட்டு அறையில் படுக்கப் போட்டுவிட்டாள். ஊசி போடுகிறவர் ஊருக்குள் வந்தபோது இவள்தான் ஓடிப்போய்த் தகவல் சொல்லியிருக்கிறாள்.

"எங்கத்தை மண்ணை வாரித் தூத்திப் போட்டாங்க. ஊடு தேடி வந்த ஆத்தாளை ஆஸ்பத்திரியில கொண்டுபோயி அடைக்கறயாடின்னு. அவன் திரும்பி வல்லைன்னா நீதான் அவனைத் தின்னவ, ஊரு சொல்லாட்டியும் நாஞ் சொல்லுவேன்னாங்க."

"நீ ஏன் இவ்வளவு பிடிவாதமாக் கொண்டாந்தே?"

"எங்கண்ணனுக்கும் வந்துச்சுங்க. எடப்பாடியில தறி நெய்யப் போன எடத்துல. ஊட்டுலயேதான் வெச்சிருந்தோம். பதிமூணா நாளு குளுந்து போச்சு. அன்னைக்கிருந்து எனக்கு ஆத்தான்னா பயமுங்க."

காய்ச்சல் பதின்மூன்றாம் நாள் இறங்கிவிட்டது என்று சொல்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் தெரு வேதக்காரர் தெரு. எங்களுக்கு அம்மை கண்டால் செபஸ்தியார் கோவிலுக்கு உப்பும் மிளகும் நேர்ந்துகொள்வோம். உடம்பு கொதித்தால் கொதிக்குது என்போம். விட்டால் குளுந்திருச்சு என்போம்.

"பயப்படாதம்மா. உங்கண்ணனுக்கு ஆன மாதிரியே இவனுக்கும் ஆயிடும்" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தூக்குப் போசியை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள். நான் ஏதோ தேறுதல் சொல்லிவிட்ட நினைப்பில் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன்.

நான்காம் நாள் ஊரிலிருந்து ஆள் வந்தது. கொடிக்கால் காய்கிறது, தண்ணீர் முறை தப்பினால் அடுத்த முறை பத்து நாள் ஆகும், வரச் சொன்னார்கள் என்று. போகும்போது சௌந்திரம் சொன்னாள்:

"உங்களுக்கு எழுதத் தெரியுமுங்களா?"

"தெரியும். நாலு வருசமாத்தான் தெரியும்."

எங்கள் தெருவுக்கு வேதம் சொல்லித் தருகிற கோவில்பிள்ளை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்களைப் போன்ற கல்லுடைக்கிறவர்களை உட்கார வைத்து மணலில் எழுதக் கற்றுக் கொடுத்தார். நாற்பது வயதில் விரல் வளைவது லேசில்லை.

"நல்லதோ கெட்டதோ, ஒரு கார்டு போட்டுடுங்க. எனக்குப் படிக்கத் தெரியாது. மணியகாரரு படிச்சுச் சொல்லுவாரு. அவிய நடந்து ஊடு வந்து சேரோணுமுங்க. இல்லாட்டி எனக்கு அந்த ஊட்டுல எடமில்லை."

முகவரியை அவள் சொல்லச் சொல்லக் கரித்துண்டால் வார்டுச் சுவரில் எழுதிக்கொண்டேன்.

அடுத்த நாலைந்து நாள் அவன் பிழைப்பான் என்று யாரும் நினைக்கவில்லை. கொப்புளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து முகம் ஒரே புண்ணாக இருந்தது. வாழையிலையை மாற்றும்போது தோலும் சேர்ந்து வந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. கொடிக்காலையும் அகத்தி மரத்தையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பிதற்றினான். டாக்டர் தினமும் பென்சிலின் ஊசி போட்டார். ஏலியாம்மா மணிக்கு ஒரு தடவை இமையைப் பிரித்துக் கண்ணைக் கழுவினாள். கழுவும்போது அவள் வாய்க்குள் ஜெபம் சொல்வது எனக்குக் கேட்கும். பக்கத்துக் கட்டிலில் கிடந்த மோகனூர்க்காரரையும் எதிர்க்கட்டில் பிள்ளையையும் அந்த வாரம்தான் ஓலைப்பாயில் சுற்றினேன்.

அவன் வந்த ஒன்பதாம் நாள் காலை கஞ்சியோடு போனேன். ஏலியாம்மா அவன் நெற்றியில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாகப்பா, தொட்டு நோக்கு. மேலு தணுத்துப் போயி. இனி பேடிக்கண்டா."

தொட்டேன். மண்பானை போலச் சில்லென்று இருந்தது. இனி பயப்பட வேண்டாம் என்று அவள் சொன்னது சரிதான். கஞ்சியை மூன்று மிடறு குடித்தான். "உப்புப் பத்துல" என்றான். அவ்வளவு சந்தோசம் எனக்கு வந்தது. மத்தியானமே கார்டு வாங்கி வந்து கொப்பரைத் திண்டில் வைத்து எழுதினேன். 'காய்ச்சல்' என்று எழுதப் போனேன். ய் முதலில் வருமா ச் முதலில் வருமா என்று குழப்பமாக இருந்தது. ஒரு கார்டு கெட்டுப் போனது. இன்னொன்று வாங்கினேன். சௌந்திரம் வேலியடியில் சொன்ன சொல் ஞாபகம் வந்தது. அவர்கள் பேச்சிலேயே எழுதினால் அவர்களுக்கு நன்றாகப் புரியும், எழுதவும் சுலபம். எழுதியது இதுதான்:

'ஓடைவலசு ராமாயி அம்மாளுக்கு. ஆஸ்பத்திரியில் செங்கோட்டையன் உடம்பு இன்று காலை குளுந்து போச்சு. யாரும் வர வேண்டாம். இங்கே எல்லாம் நாங்களே பார்த்துக் கொள்கிறோம். இப்படிக்கு யாகப்பன், அம்மை வார்டு.'

தபால் பெட்டியில் போட்டுவிட்டு அதன் மேல் ஒரு தட்டும் தட்டினேன்.

அதற்குப் பிறகு அவன் தேறிவந்தான். பொருக்குக் காய்ந்து உதிர ஆரம்பித்தது. எழுந்து உட்கார்ந்தான். பேச்சுக்குக் குறைவே இல்லை.

"யாகப்பண்ணா, பொழுது விடிஞ்சுதுங்களா?"

"உச்சிப் பொழுதாச்சு."

"அப்படிங்களா. எனக்கு இன்னம் கோழி கூப்படலை."

"நீ அம்மை குத்திக்கலையா? ஊசிக்காரர் வந்திருப்பாரே?"

"வந்தாருங்க. அவரு வந்தா நான் அகத்தி மரத்து மேல ஏறிக்குவேன். போன வருசம் கீழ நின்னுக்கிட்டு எறங்குடா எறங்குடான்னாரு. ஏறி வாங்கன்னேன். தொப்பையை வெச்சுக்கிட்டு அவரெங்க ஏறுவாரு?" சிரித்தான். சிரித்தால் கன்னத்தில் பொருக்கு விரிந்து ரத்தம் கசிந்தது. "எறங்கியிருக்கோணுமுங்க" என்றான்.

இமை வீக்கம் வடிந்தது. கண் திறந்தான். இரண்டிலும் பூ விழுந்திருந்தது. கருவிழி இருக்க வேண்டிய இடத்தில் வேகவைத்த முட்டையின் வெள்ளை மாதிரி. டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "போகப் போகப் பார்க்கலாம்" என்றார். ஏலியாம்மா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

ஊரிலிருந்து யாரும் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, பத்து நாள் ஆயிற்று. வேலிப் பக்கம் ஆள் அரவம் கேட்டால் அவன் முகம் அந்தப் பக்கம் திரும்பும்.

"இன்னொரு கார்டு போடட்டுமா?" என்றேன்.

"வேண்டாமுங்க. போட்டா கண்ணைப் பத்தி எழுதோணும். எழுதாம உட்டா அதும் பொய்யி. கொஞ்சம் தெளியட்டும். நெழலாட்டமாத் தெரியற மாதிரி இருக்குதுங்க."

ஒன்றும் தெரியவில்லை என்று எனக்குத் தெரியும். கஞ்சிக் கிண்ணத்தை இடப்பக்கம் வைத்தால் வலப்பக்கம் துழாவுவான்.

"அவ கோவக்காரிங்க" என்றான் ஒரு நாள். "கொண்டாந்து சேத்துனவளே வல்லைன்னா பாருங்க. எங்கம்மா உட்டிருக்காது. இல்லாட்டி வெத்தலை கிள்ளற பருவம். ஆளு கெடைக்காது. அதான்."

உள்ளங்காலில் கடைசிப் பொருக்கு விழுகிறவரை விடமாட்டார்கள். அது விழப் பங்குனி பாதி போயிற்று. அவனை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டு வரச் சொல்லி டாக்டர் எனக்கு ஒரு நாள் லீவு கொடுத்தார். ஏலியாம்மா கொதிக்க வைத்துக் காய்ந்த வேட்டி ஒன்றை மடித்துக் கொடுத்தாள்.

நாமக்கல் பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தான்.

"ஏப்பா, இது ஆறினதா, பச்சையா?"

"ஆஸ்பத்திரிச் சீட்டு இருக்குது."

"சீட்டை நீயே வெச்சுக்க. கடைசி பெஞ்சுக்குப் போ ரெண்டு பேரும்."

கடைசி பெஞ்சில் இருந்த நாலு பேர் எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார்கள். செங்கோட்டையன் காலை நீட்டினான். "பாத்தீங்களாண்ணா, பஸ்ஸுல காலு நீட்டி உக்காந்து போறது இதுதான் எனக்கு மொதத் தடவை" என்றான்.

நாமக்கல்லில் வேறு பஸ் ஏறி பரமத்தி வேலூரில் இறங்கினோம். அங்கிருந்து வாய்க்கால் கரை வழியாக நடை. வெயில் உறைத்தது. அவன் என் தோளில் கை வைத்துக்கொண்டு வந்தான். பார்வை இல்லாவிட்டாலும் வழி அவனுக்குத் தெரிந்திருந்தது. "வாழைத்தோப்பு வாசம் வருது. இதைத் தாண்டுனா எங்க பெரியப்பன் கரும்பு. அப்பறம் மேடு ஏறோணும்" என்று அவன்தான் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். அவர்கள் கொடிக்கால் வந்ததும் செருப்பு இல்லாத காலையே ஒரு தடவை துடைத்துக்கொண்டு வரப்பில் இறங்கினான். வெற்றிலை ஒன்றைத் தடவிப் பார்த்தான். "தண்ணி பத்தலை" என்றான்.

அகத்தி மரத்தில் ஒருத்தன் தழை ஒடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தான். கையிலிருந்த அரிவாள் கீழே விழுந்தது. அப்படியே சறுக்கி இறங்கி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வாய்க்காலைத் தாண்டி ஓடினான்.

"ஆருங்க அது ஓடறது? நம்ம கொடிக்கால் வேலைக்கு வர்ற வீரனாட்டம் தெரியுது, காலடியைக் கேட்டா. டேய் வீரா!"

ஓடினவன் நிற்கவில்லை.

"என்ற மூஞ்சியைப் பாத்துப் பயந்துட்டானாட்ட இருக்குது" என்று சிரித்தான்.

வீடு கொடிக்காலை ஒட்டியே இருந்தது. வாசலில் பந்தல்கால் நட்ட நான்கு குழிகள் மூடாமல் கிடந்தன. ஒரு கிழவி நிழலில் உட்கார்ந்து வெற்றிலையைக் கவுளிக் கட்டுகளாக அடுக்கிக்கொண்டிருந்தாள். ராமாயி. நிமிர்ந்தாள். ஒரு கையைத் தரையில் ஊன்றினாள். அப்போது தண்ணீர்க் குடத்தோடு வீட்டின் பக்கவாட்டிலிருந்து சௌந்திரம் வந்தாள்.

வெள்ளைச் சேலை. நெற்றி வெறுமை. கழுத்து வெறுமை. கை இரண்டும் மொட்டையாக இருந்தன.

அவள் குடத்தைக் கீழே போடவில்லை. இறக்கி வைத்தாள். தண்ணீர் தளும்பிய சத்தம் அவனுக்குக் கேட்டது.

"அம்மா? ஆரு அங்க? சௌந்திரமா?"

ராமாயி எழுந்து ஓடி வந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் தடவினாள். தோள், கை, விரல் என்று ஒவ்வொன்றாகத் தொட்டாள். "என்ற சாமி, என்ற சாமி" என்று மட்டும் சொன்னாள். பிறகுதான் கண்ணைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைத் தன் மகன் மார்பில் முட்டிக்கொண்டு அழுதாள். அவன் அவள் தலைக்கு மேலாகக் கையை நீட்டினான்.

"அவ எங்கே? நிக்கறாளா? தண்ணி இறக்கி வெச்ச சத்தம் கேட்டுது. வளையல் சத்தம் காணமே."

பந்தல் குழியைப் பார்த்தபடி நான் நின்றேன். எனக்கு விளங்கத் தொடங்கியிருந்தது. முழுதாக விளங்கவில்லை.

ராமாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வளையலும் தாலியும் மாரியாத்தா உண்டியல்ல போட்டுட்டா சாமி" என்றாள். "உன்ற உசுருக்கு வேண்டிக்கிட்டுப் போட்டா. பொம்பளைக செய்யறதுதானே. ஆத்தா வாங்கிக்கிட்டு உன்னைக் குடுத்துட்டா."

அவன் முகம் மலர்ந்தது. அந்தக் குழி விழுந்த முகத்தில் அது எப்படித் தெரிந்தது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை.

"அப்படியா புள்ளே? எனக்காகவா போட்டே?"

"இல்லீங்க" என்றாள் சௌந்திரம்.

"ஏ, சும்மா இருடி" என்றாள் ராமாயி.

"எதுக்குங்கத்தே சும்மா இருக்கோணும்? நாளைக்கு ஊருல எவளாச்சும் சொல்லுவா. அதுக்கு நானே சொல்லிப் போடறேன்." அவள் குரல் ஏறவில்லை. "உங்களுக்குக் கருமாதி ஆச்சுங்க. பந்தல் போட்டு, ஒறம்பரை சனமெல்லாம் வந்து, எல்லாம் முடிஞ்சுது. தாலியை வாங்கிப் போட்டாங்க."

"எனக்கா? நான் உசுரோட இருக்கயிலயா?"

"ஆஸ்பத்திரியில இருந்து கடுதாசி வந்துச்சுங்க."

"எங்க அந்தக் கடுதாசி? எடு."

"எழவுக் கடுதாசியை ஊட்டுல வெப்பாங்களா? படிச்ச ஒடனே மணியகாரரு கிழிச்சு வாய்க்கால்ல போட்டுட்டாரு."

கடிதம் இல்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆஸ்பத்திரி என்றால் நூறு பேர் இருப்பார்கள். ஒரு நிமிசம் அப்படித்தான் நின்றேன்.

"நான்தான் எழுதினேன்" என்றேன். "செத்துட்டான்னு எழுதலை. காய்ச்சல் விட்டுதுன்னு எழுதினேன். உடம்பு குளுந்து போச்சுன்னு."

ராமாயி என் பக்கம் திரும்பினாள்.

"அடப் பாவி மனுசா! ஆத்தா கண்டவங்களுக்கு அந்தச் சொல்லை எதுக்குச் சொல்றதுன்னு தெரியாதா உனக்கு? காச்சல் உட்டா ஆத்தா எறங்கிட்டான்னு சொல்லுவோம். உசுரு போனாத்தானே குளுந்து போச்சும்போம்? செத்துட்டாங்கன்னு ஆத்தா முன்னால வாயில சொல்லக் கூடாதுன்னுதானே அந்தச் சொல்லு! யாரும் வர வேண்டாம், நாங்களே பாத்துக்கறோம்னு வேற எழுதியிருந்துதே! பொணத்தைக் குடுக்க மாட்டாங்கன்னு ஊருக்கே தெரியுமே!"

வேலியடியில் அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வை இப்போதுதான் எனக்குப் புரிந்தது. உங்கண்ணனுக்கு ஆன மாதிரியே இவனுக்கும் ஆயிடும் என்று, சாகப்போகிறான் என்று, நான் சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறேன்.

"யாகப்பண்ணா, நீங்களா எழுதுனீங்க?" என்றான் செங்கோட்டையன். திட்டவில்லை. நான் நின்ற பக்கம் முகத்தைத் திருப்பி, பதிலுக்குக் காத்திருந்தான்.

"நான்தாம்பா."

அவன் வாசல் கல்லைத் துழாவி உட்கார்ந்தான். ரொம்ப நேரம் தரையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"சரி, ஆனது ஆச்சு" என்றான் பிறகு. "எழுத்துல வந்த தப்பு. அம்மா, ஒரு மஞ்சக் கயிறு எடுத்தா. ஊரு கூட வேண்டாம், மேளம் வேண்டாம். இப்பவே கட்டிப் போடறேன். புள்ளே, கிட்ட வா."

ராமாயி விருட்டென்று உள்ளே போனாள். மஞ்சள் தடவின நூலோடு வந்தாள். சௌந்திரம் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை.

"வேண்டாமுங்க."

"என்னடி வேண்டாம்? புருசன் எமங்கிட்டயிருந்து திரும்பி வந்திருக்கறான். வெள்ளையோட நிப்பயா அவன் முன்னால?" என்றாள் ராமாயி.

"நிப்பேனுங்க. கடுதாசி படிச்சப்பவே நாஞ் சொன்னேன். சொன்னனா இல்லையா, நீங்களே சொல்லுங்கத்தே. அந்தாளு வேதக்காரரு, அவருக்கு நம்ம சொல்லு தெரியாது, வேலிகிட்டயே மாத்திச் சொன்னாரு, நல்லாயிருச்சுன்னுதான் எழுதியிருப்பாருன்னு சொன்னேன். சேலத்துக்கு ஒரே ஒரு ஆளு போய்ப் பாத்துட்டு வாங்கன்னு மணியகாரரு காலைப் புடிச்சேன். உங்க காலைப் புடிச்சேன். ஆராச்சும் போனீங்களா?"

ராமாயி நூலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போகலை. ஆத்தாளைப் பழிச்சவ, புருசனைத் தின்னுபோட்டு இன்னும் வாய் பேசறா பாருன்னீங்க. மூலையில உக்கார வெச்சுக் கதவைச் சாத்துனீங்க. வாய்க்கால் கரைக்கு நாலு பேரு இழுத்துக்கிட்டுப் போனாங்க. அவிய உசுரோட இருக்கறாங்க, உசுரோட இருக்கறாங்கன்னு கத்தறேன். கத்தக் கத்தத்தான் தாலியை அறுத்தாங்க. நீங்கதானே கையை வெச்சீங்க?"

"எனக்கு மட்டும் வயிறு எரியலையாடி? நாந் தெரிஞ்சா செஞ்சேன்?" ராமாயி தன் தலையில் அடித்துக்கொண்டாள். "ஊரு முறைன்னாங்க, செஞ்சேன்."

"அதைத்தாஞ் சொல்றேன்" என்றாள் சௌந்திரம். உள்ளே போனாள்.

நான் கிளம்பலாம் என்று பார்த்தேன். அப்படியே நின்றேன். கையில் காசு இருந்தால் கொடுக்கலாம். கல் உடைக்கிற வேலை இருந்தால் செய்து கொடுக்கலாம். இதற்கு என்ன செய்வது? ராமாயி அந்த நூலை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வெற்றிலை வெயிலில் வாடிக்கொண்டிருந்தது. யாரும் எடுத்து நிழலில் போடவில்லை.

சௌந்திரம் இரண்டு வட்டிலில் கம்பஞ்சோறு கொண்டுவந்தாள். ஒன்றை என் முன்னால் வைத்தாள். மோர் ஊற்றினாள். "உண்ணுங்க" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. இன்னொன்றை அவன் முன்னால் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வலது கையைப் பிடித்து வட்டிலில் வைத்தாள்.

"இது சோறு. வலது பக்கமா வெங்காயம். சொம்பு இடது கைப் பக்கமா இருக்குது, தட்டி உட்டுராதீங்க."

அவன் கை சோற்றில் இருந்தது. எடுக்கவில்லை. மற்றக் கையால் துழாவி அவள் மணிக்கட்டைத் தொட்டான். மொட்டையாக இருந்த இடத்தை விரலால் சுற்றிப் பிடித்தான்.

"நாளைக்காச்சும் கட்டிக்கறயா புள்ளே? ஊரு ஒரு மாதிரி பேசும்."

"பேசட்டும்."

"கண்ணு இல்லாதவன் கட்டுனா வேண்டாம்னு இருக்குதா?"

"கண்ணா கட்டுது?" என்றாள். சோற்றைப் பிசைந்து ஒரு கவளம் உருட்டி அவன் உள்ளங்கையில் வைத்தாள். "உங்களுக்கு நாஞ் செய்ய வேண்டியதெல்லாம் செய்வேன். கொடிக்காலுக்குத் தண்ணி கட்டுவேன், கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போவேன். ஆனா அது வேண்டாம். கட்டுனாத்தானே அறுப்பாங்க. உண்ணுங்க."

அவன் உண்ண ஆரம்பித்தான்.